மூன்றெழுத்துக்குப் பின்னால் ஒரு தகப்பனார்



அடுத்த முறை வண்டி எடுக்கக் கீழே இறங்கும்போது, நம் பார்க்கிங்கில் ஒரு நிமிடம் நின்று சுற்றிலும் பாருங்கள். வரிசையாக நிற்கும் இரு சக்கர வண்டிகளில் சிலவற்றிலாவது டி.வி.எஸ். என்ற மூன்றெழுத்து இருக்கும். காலையில் தண்ணீர் கேன் கொண்டுவரும் தம்பி ஓட்டி வருவதும் அந்த மூன்றெழுத்து மொபெட்தான். தினமும் கண்ணில் படுகிறது. ஆனால் அது ஒரு மனிதரின் பெயர் என்பது நம் வீட்டுப் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? என் பேரனிடம் கேட்டுப் பார்த்தேன். ஏதோ இன்ஜினியரிங் சொல்லின் சுருக்கம் என்று நினைத்திருக்கிறான். அவனுக்குச் சொன்னதையே கொஞ்சம் விரிவாக உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலெழுத்து ஓர் ஊரின் பெயர். திருநெல்வேலிச் சீமையில் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கும் திருக்குறுங்குடி. 108 வைணவத் திருப்பதிகளில் ஒன்று. நம்பி கோயிலுக்குப் போயிருப்பவர்களுக்கு அந்த ஊரின் அமைதி நினைவிருக்கும். அந்த ஊரைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பத்தில் 1877ஆம் ஆண்டு மார்ச் 22ஆம் தேதி பிறந்தவர் சுந்தரம். டி.வி.சுந்தரம் ஐயங்கார் என்று பின்னாளில் தென்னாடு முழுவதும் தெரிந்த பெயர்.

நீங்கள் நினைப்பதுபோல் அவர் வியாபாரத்திலேயே பிறந்து வளர்ந்தவர் அல்ல. சட்டம் படித்து வக்கீலாக இருந்தார். பிறகு ரயில்வேயில் வேலை பார்த்தார். பிறகு ஒரு வங்கியிலும் வேலை பார்த்தார். அந்தக் காலத்தில் இந்த மூன்றில் ஒன்று கிடைத்தாலே ஒரு குடும்பம் ஆயுளுக்கும் நிம்மதியாக இருக்கும். ஆனால் இவர் 34 வயதில், மனைவி லட்சுமி அம்மாள், சிறு குழந்தைகள் என்று குடும்பம் பெருகிவரும் நேரத்தில், மாதச் சம்பளம் வேண்டாம் என்று முடிவு செய்து 1911இல் சொந்தத் தொழிலில் இறங்கினார். வங்கிச் சம்பளத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு ஓய்வு பெறும்வரை உட்கார்ந்திருந்த எனக்கு, அந்த ஒரு முடிவை நினைத்தாலே இன்றும் வயிற்றைக் கலக்கும்.

இறங்கிய தொழில் என்ன தெரியுமா? மோட்டார் பஸ். 1912இல் மதுரையை மையமாக வைத்து அவர் பஸ் போக்குவரத்தைத் தொடங்கினார். அன்றைய சாலையைக் கொஞ்சம் கற்பனை செய்துகொள்ளுங்கள். மாட்டு வண்டியும் ஜட்கா வண்டியும் போய்ப் போய்ப் பள்ளமான மண் பாதை. பெட்ரோல் பங்க் கிடையாது. வண்டி பழுதானால் பார்க்க மெக்கானிக் கிடையாது. ஓர் உதிரி பாகம் உடைந்தால் கப்பலில்தான் வர வேண்டும். இதில் பணம் போட்டவரை ஊரில் பலர் பரிதாபமாகத்தான் பார்த்திருப்பார்கள்.

ஆனால் அவர் ஒரு விஷயத்தைச் சரியாகப் பிடித்தார். பஸ்ஸில் ஏறுகிறவனுக்கு முக்கியம் வண்டியின் பளபளப்பு அல்ல. சொன்ன நேரத்துக்கு வருமா, சொன்ன நேரத்துக்குப் போய்ச் சேருமா என்பதுதான். டி.வி.எஸ். பஸ் கடந்து போவதைப் பார்த்துக் கடிகாரத்தைச் சரி செய்துகொள்வார்கள் என்று மதுரைப் பக்கத்துப் பெரியவர்கள் சொல்வதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். மாடுகளின் லாட ஆணிகள் சாலையில் உதிர்ந்து டயரைப் பஞ்சராக்கியதால், காந்தம் கட்டிய வண்டியை முன்னால் ஓடவிட்டு ஆணிகளைப் பொறுக்க வைத்தார் என்றும் ஒரு கதை உண்டு. நேரம் தவறக் கூடாது என்றால் அதற்குக் காரணமான ஆணிவரை போய்ப் பார்க்க வேண்டும் என்பதே அந்தக் கதையின் பொருள்.

பஸ்ஸை ஒழுங்காக ஓட்டப் போனவருக்கு அடுத்தடுத்த தொழில்கள் தாமாகவே வந்து சேர்ந்தன. பஸ்ஸும் லாரியும் ஓட்டுவதற்குச் சதர்ன் ரோட்வேஸ். தேய்ந்த டயரைத் தூக்கி எறியாமல் மறுபடி ரப்பர் பதித்து ஓட்ட ரீட்ரெடிங் தொழிற்சாலை. உதிரி பாகங்களுக்கும் பழுது பார்ப்பதற்கும் மெட்ராஸ் ஆட்டோ சர்வீஸ். வண்டி விற்பனைக்குச் சுந்தரம் மோட்டார்ஸ். அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனிக்கு 1950களில் மிகப் பெரிய விற்பனையாளராக இருந்தது இந்தச் சுந்தரம் மோட்டார்ஸ்தான். இவை எல்லாவற்றுக்கும் தாய் நிறுவனத்தின் பெயர் டி.வி.சுந்தரம் ஐயங்கார் அண்ட் சன்ஸ்.

அண்ட் சன்ஸ். அதாவது, மகன்களும். அந்தப் பெயரை அவர் பேச்சுக்கு வைக்கவில்லை. மகன்களை ஒவ்வொருவராகத் தொழிலுக்குக் கொண்டுவந்து, ஆளுக்கொரு பொறுப்பைக் கொடுத்துப் பழக்கினார். ராஜம், சந்தானம், சீனிவாசன், கிருஷ்ணா என்ற பெயர்களைத் தமிழ்நாட்டின் தொழில் வரலாற்றில் எங்கு திறந்தாலும் பார்க்கலாம்.

பெயர்ப் பலகையில் மகன்கள் இருந்தார்கள். மகளுக்கு அதில் இடம் இல்லை. அந்தக் காலத்து வழக்கம் அது. ஆனால் சுந்தரம் ஐயங்காரைப் பற்றி நான் படித்தவற்றில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது பஸ்ஸும் லாரியும் அல்ல. அந்த மகளின் விஷயத்தில் அவர் எடுத்த முடிவுதான்.

மகளின் பெயர் சௌந்தரம். 1904இல் பிறந்தவர். அன்றைய வழக்கப்படி 1918இல், பள்ளிக்கூட வயதிலேயே, திருமணம் நடந்தது. மாப்பிள்ளை சௌந்தரராஜன் ஒரு டாக்டர். மனைவி மேலே படிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டவர். ஆனால் கொள்ளைநோய் பரவியிருந்த நேரத்தில் மருத்துவப் பணி செய்யப்போய், தாமும் நோய் கண்டு இறந்துபோனார். சௌந்தரம் மிக இளம் வயதிலேயே விதவையானார்.

அந்த நாளில் ஒரு வைதிகக் குடும்பத்தில் இளம் விதவையின் நிலை என்ன என்று நம் பாட்டிமார் காலத்துப் புகைப்படங்களைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தலையை மழித்து, ஒற்றைப் புடவை கொடுத்து, சமையற்கட்டை ஒட்டிய ஓர் இருட்டு அறையில் உட்கார்த்திவிடுவார்கள். சுப காரியங்களில் முகம் காட்டக் கூடாது. அப்படிப்பட்ட பெண்களைப் படிக்க வைப்பதற்காகவே சென்னையில் சகோதரி சுப்புலட்சுமி ஒரு இல்லம் நடத்தினார் என்றால், வீடுகளில் நிலைமை எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

சுந்தரம் ஐயங்காருக்கு அப்போது ஊரில் பெரிய பெயர். நாலு பேர் என்ன சொல்வார்கள் என்ற பயம் சாதாரண மனிதனைவிடப் பெயர் பெற்ற வியாபாரிக்கு அதிகம். அவரும் லட்சுமி அம்மாளும் மகளை அறைக்குள் உட்கார வைக்கவில்லை. தொடர்ந்து படி என்று ஊக்கம் கொடுத்தார்கள். டாக்டருக்குப் படிக்க டெல்லியில் இருக்கும் லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பினார்கள். 1916இல் பெண்களுக்கென்றே தொடங்கப்பட்ட கல்லூரி அது. மதுரையிலிருந்து ரயிலேறினால் போய்ச் சேர இரண்டு மூன்று நாள். மொழி வேறு, சாப்பாடு வேறு, குளிர் வேறு. 1936இல், தம் 32ஆம் வயதில், சௌந்தரம் டாக்டரானார்.

இந்த இடத்தில் என் அனுபவம் ஒன்றைச் சொல்ல அனுமதியுங்கள். வங்கியில் பல வருடங்கள் நகைக்கடன் கவுன்டரில் இருந்தேன். மகன் காலேஜ் ஃபீஸுக்கு நகையை வைக்க வருகிற தகப்பன்மாரைத் தினமும் பார்ப்பேன். மகள் கல்யாணத்துக்கு நகையை மீட்க வருகிறவர்களையும் பார்ப்பேன். மகள் படிப்புக்கு நகை வைக்க வந்தவர்களை நான் வேலையில் சேர்ந்த புதிதில் விரல்விட்டு எண்ணிவிடலாம். பிறகுதான் மெல்ல மெல்லக் கூடினார்கள். அடுத்தவரைச் சொல்வானேன்? என் மகள் வெளியூர்க் கல்லூரியில் சேர ஆசைப்பட்டபோது, ஹாஸ்டல் வேண்டாம், தூரம் வேண்டாம் என்று சொல்லி, வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வரும் கல்லூரியில் பி.காம். சேர்த்தவன் நான். அவள் இன்று நன்றாகத்தான் இருக்கிறாள். ஆனாலும் எனக்கு அறுபது வருடங்களுக்கு முன்னால் ஒரு தகப்பனார், விதவையான மகளை டெல்லிக்கு ரயிலேற்றி அனுப்பினார் என்று படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஆனால் கணக்கில் இரண்டு பக்கமும் எழுத வேண்டும். வரவை மட்டும் எழுதினால் அது கணக்கல்ல.

டெல்லியில் படிக்கும்போது சௌந்தரத்துக்கு சுசீலா நய்யாரின் நட்புக் கிடைத்தது. அவர் மூலம் காந்தியடிகளின் அறிமுகம். அந்த வட்டத்தில் ஜி.ராமச்சந்திரன் என்ற கேரளத்து இளைஞரைச் சந்தித்தார். தீண்டாமை ஒழிப்பில் தம்மை முழுவதுமாக ஈடுபடுத்திக்கொண்டவர் அவர். இருவரும் திருமணம் செய்துகொள்ள விரும்பினார்கள். மறுமணம், அதுவும் சாதி விட்டுச் சாதி. இந்த இடத்தில் பெற்றோர் இசையவில்லை. படிக்க அனுப்பும் துணிவு இருந்த தகப்பனாருக்கு, படித்த மகள் தானாக எடுத்த முடிவை ஏற்பது சுலபமாக இல்லை.

காந்தியடிகள் ஒரு யோசனை சொன்னார். ஒரு வருடம் இருவரும் பிரிந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகும் மனம் மாறாமல் இருந்தால் மணம் செய்துகொள்ளலாம். மனம் மாறவில்லை. 1940ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் தேதி காந்தியடிகளின் ஆசியோடு அந்தத் திருமணம் நடந்தது.

இதைக் குறையாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மறைக்கவும் மனமில்லை. நம்மில் எத்தனையோ பேர் இதே இடத்தில்தான் நிற்கிறோம். பிள்ளைகளை அமெரிக்காவரை அனுப்பிப் படிக்க வைப்போம். அவர்கள் ஒரு முடிவோடு வந்து நின்றால் நமக்குத் தூக்கம் போய்விடும். 63 வயதில் சுந்தரம் ஐயங்காரும் அப்படித் தூக்கம் இழந்த ஒரு தகப்பனார்தான். ஒன்று மட்டும் சொல்லலாம். அந்த மகளுக்கு வேண்டாம் என்று சொல்லவும், சொந்தக் காலில் நிற்கவும் தெம்பு கொடுத்த படிப்பு, அந்தத் தகப்பனார் கொடுத்ததுதான்.

அதே வருடங்களில் தொழிலிலும் சோதனை வந்தது. இரண்டாம் உலகப்போர். பெட்ரோல் ராணுவத்துக்குப் போனது. சென்னை மாகாணத்தில் பஸ்ஸும் லாரியும் ஓட முடியாத தட்டுப்பாடு. பஸ் நின்றால் டிரைவர், கண்டக்டர், மெக்கானிக் என்று அத்தனை குடும்பங்களும் நிற்க வேண்டியதுதான். அப்போது டி.வி.எஸ். கேஸ் பிளான்ட் என்ற சாதனம் வந்தது. நம் வயதுக்காரர்கள் வீட்டுப் பெரியவர்கள் கரி பஸ் என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள், அதுதான். வண்டியோடு ஒரு பெரிய உருளையைப் பொருத்தி, அதில் அடுப்புக் கரியைப் போட்டு, குறைந்த காற்றில் எரிய விடுவார்கள். அதில் உண்டாகும் வாயுவை வடிகட்டிக் குளிர வைத்து இன்ஜினுக்குள் அனுப்பினால் பெட்ரோல் இல்லாமலே வண்டி ஓடும். காலையில் புறப்படுவதற்கு முன் கிளீனர் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றிக் கரியைக் கனிய வைக்க வேண்டும். மேடு வந்தால் வண்டி திணறும். ஏறி இறங்கினால் சட்டையெல்லாம் கரி. ஆனால் பஸ் ஓடியது. ஊருக்கு ஊர் மனிதர்கள் போய்வந்தார்கள்.

போர் முடிந்தது, நாடு சுதந்திரமடைந்தது. சுந்தரம் ஐயங்காரிடம் இன்னொரு நல்ல வழக்கம் இருந்தது. கடைசி மூச்சுவரை சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டிருக்க வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை. தாம் இருக்கும்போதே பொறுப்புகளை மகன்களிடம் விட்டு ஒதுங்கினார். இதன் அருமை உங்களுக்குப் புரியும். அப்பா காலமான பிறகு கடைச் சாவிக்கு அண்ணன் தம்பிகள் வக்கீல் நோட்டீஸ் அனுப்பிக்கொள்வதை நாம் நம் ஊரிலேயே பார்த்திருக்கிறோம். கணக்கை முடக்கி வைக்கச் சொல்லி வங்கிக்கு வரும் அந்தக் கடிதங்களை நான் கையில் வாங்கியிருக்கிறேன்.

ஒதுங்கியதன் பலனையும் அவர் கண்ணால் பார்த்தார். 1954இல் மகன் சந்தானம் 2 லட்ச ரூபாய் மூலதனத்தில் சுந்தரம் ஃபைனான்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். ஒரு லாரி வாங்க நினைக்கும் டிரைவரை அன்றைய வங்கிகள் வாசலுக்குள் விடத் தயங்கின. ஈடு காட்ட அவனிடம் நிலம் இல்லை, வீடு இல்லை. அவனுடைய உழைப்பையும் வாங்கப்போகும் லாரியையுமே ஈடாக நம்பி, தவணையில் வண்டி வாங்கப் பணம் கொடுத்தது அந்த நிறுவனம். வங்கிக்காரனாகச் சொல்கிறேன், நாங்கள் அந்தப் பாடத்தைத் தாமதமாகத்தான் படித்தோம்.

1955ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் தேதி கொடைக்கானலில் தம் இல்லத்தில் சுந்தரம் ஐயங்கார் காலமானார். வயது 78.

அதற்குப் பிறகு நடந்ததையும் சொன்னால்தான் கதை முழுமையாகும். 1970களின் தொடக்கத்தில் தமிழ்நாடு அரசு பெரிய பஸ் கம்பெனிகளை நாட்டுடைமையாக்கியது. மதுரையில் டி.வி.எஸ். பஸ்களைக் கொண்டு 1972இல் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் உருவானது. எந்தத் தொழிலுக்காக அவர் சம்பளத்தை விட்டு வந்தாரோ, அந்தத் தொழில் குடும்பத்தின் கையை விட்டுப் போயிற்று. ஆனால் குடும்பம் இடிந்து உட்காரவில்லை. பிரேக், சக்கரம், போல்ட் நட், மின் சாதனம், வண்டிக் கடன் என்று பஸ்ஸைச் சுற்றி முளைத்த தொழில்கள் அதற்குள் தனித்தனி மரமாக வளர்ந்திருந்தன. 1980இல் டி.வி.எஸ். 50 மொபெட் வந்தது. பால்காரர், மீன்காரர், கிராமத்து வாத்தியார் என்று சைக்கிள் மிதித்தவர்களெல்லாம் அதில் ஏறினார்கள். மகன்களின் நான்கு கிளைகளும் ஒரே பெயரின் கீழ் பல்லாண்டுகள் சேர்ந்திருந்து, 2022இல்தான் அவரவர் நடத்தும் நிறுவனம் அவரவருக்கு என்று முறைப்படி ஏற்பாடு செய்துகொண்டார்கள்.

மகள் என்ன ஆனார்? டாக்டர் சௌந்தரமும் ராமச்சந்திரனும் தமிழ்நாட்டுக்கே திரும்பி வந்தார்கள். 1947இல் சின்னாளப்பட்டிக்குப் பக்கத்தில் காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். கிராமத்துப் பெண்களுக்குப் பிரசவம் பார்த்தார், குழந்தைகளுக்குப் பள்ளி அமைத்தார். சட்டமன்றத்துக்கும் பிறகு 1962இல் திண்டுக்கல்லிலிருந்து மக்களவைக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டு, மத்திய அரசில் கல்வித் துணை அமைச்சரானார். அதே வருடம் பத்மபூஷண் விருது. காந்திகிராமத்துக் கல்வி நிறுவனம் 1976இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. 1984இல் அவர் மறைந்தார். தகப்பனார் கண்மூடியபோது காந்திகிராமத்துக்கு எட்டு வயது நிறைந்திருக்கவில்லை. மதுரையிலிருந்து அது ஒன்றரை மணி நேரப் பயண தூரத்தில்தான் இருக்கிறது.

நண்பர்களே, ஒரு மனிதர் விட்டுப்போன சொத்து என்ன என்று கேட்டால் நாம் கம்பெனிகளை எண்ணுவோம். அதுவும் சரிதான். ஆயிரக்கணக்கான வீடுகளில் அடுப்பு எரிந்தது அதனால். ஆனால் பெயர்ப் பலகையில் இடம் பெறாத அந்த மகளின் படிப்பையும் அதே ஐந்தொகையில் சேர்த்து எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. எந்தக் கிளை எவ்வளவு வளரும் என்று விதை போடும்போது யாருக்குத் தெரியும்?

மே மாதம் வந்தால் நம் குடியிருப்பில் பல வீடுகளில் ஒரே பேச்சாக இருக்கும். எந்தக் கல்லூரி, எவ்வளவு ஃபீஸ், பெண் குழந்தையை அவ்வளவு தூரம் அனுப்பலாமா. அந்தப் பேச்சு உங்கள் வீட்டில் வரும்போது, முடிவு சொல்வதற்கு முன்னால் ஒரு முறை கீழே பார்க்கிங்குக்குப் போய்விட்டு வாருங்கள். நிற்கும் வண்டிகளில் ஒன்றிலாவது அந்த மூன்றெழுத்து இருக்கும்.